சீட் இல்லை, கதவு இல்லை, மூன்றே சக்கரம்... இந்தப் பழைய டெலிவரி வேன்களில் எதை ஏற்றினார்கள்? கண்டுபிடிப்பது எப்படி?

தெருவில் ஒரு குட்டியானை போகிறது. பின்னால் இரண்டு பக்கமும் சாய்வாக ஸ்டாண்ட் அடித்திருந்தால் அது கண்ணாடிக் கடை வண்டி. அடுக்கடுக்காகக் கம்பித் தட்டு இருந்தால் தண்ணி கேன் வண்டி. போர்டைப் படிக்கவே தேவையில்லை. வண்டியின் உடம்பே சொல்லிவிடும்.

இதே கணக்குதான் உலகம் முழுக்க இருக்கும் பழைய டெலிவரி வேன்களுக்கும். ஹாலிவுட் படத்தின் ஒரு ஓரத்திலோ, வெளிநாடு போன சொந்தக்காரர் அனுப்பும் போட்டோவிலோ, பழைய வாகனக் கண்காட்சியிலோ விசித்திரமான ஒரு வேன் கண்ணில் படும். மூக்கு சப்பையாக இருக்கும். அல்லது பாடி முழுக்க தகரக் கொட்டகை மாதிரி வரி வரியாக இருக்கும். 'இது என்ன வண்டி? எதுக்கு இப்படிச் செஞ்சாங்க?' என்று கேட்கத் தோன்றும்.

பதில் அந்த வண்டியிலேயே இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதை உண்மையான சில வண்டிகளை வைத்தே பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு விதம்?

இன்று ஒரு வேன் வாங்கினால் அதில் பாலும் ஏற்றலாம், பார்சலும் ஏற்றலாம். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிலைமை வேறு. பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. பால், ரொட்டி, ஐஸ் எல்லாமே அடிக்கடி வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். ஒரே வண்டி ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை நின்று கிளம்பும். அந்த வேலைக்கு சாதாரண லாரி சரிப்படாது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்போது சேஸிஸ் ஒரு கம்பெனியில் இருந்து வரும், அதன் மேல் பாடியை வேறொரு பட்டறை கட்டும். நம்ம ஊரில் கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்களே, அதே முறைதான். பட்டறைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எதை ஏற்றப் போறீங்க?' என்பதுதான். அதனால் ஒரே சேஸிஸ் ஒரு ஊரில் பால் வண்டி, இன்னொரு ஊரில் குதிரை வண்டி. அதாவது, குதிரையை ஏற்றிப் போகும் வண்டி!

டிவ்கோ: நின்றுகொண்டே ஓட்டிய பால் வண்டி

அடையாளம்: குட்டையான, உருண்டையான மூக்கு. அதன் பின்னால் முட்டை ஓடு மாதிரி வளைந்த உயரமான பாடி. நடுவில் தாழ்வான தரை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1926-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கம்பெனி டிவ்கோ. இதற்கு விதை போட்டவர் ஜார்ஜ் பேக்கன் என்ற பொறியாளர். மின்சார கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர்.

அவருடைய போட்டியாளர் யார் தெரியுமா? குதிரை. பால்காரர் வண்டியை விட்டு இறங்கி ஒரு வீட்டில் பாட்டில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். வழி பழகிய குதிரை தானாகவே அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். யாரும் ஓட்ட வேண்டாம். இந்த வசதியை எந்த மோட்டார் வண்டி தரும்?

பேக்கன் கண்டுபிடித்த வழி, வண்டியை நான்கு இடங்களில் இருந்து ஓட்ட வைப்பது. முன்னால் நின்றும் ஓட்டலாம், பின்னால் நின்றும் ஓட்டலாம், இரண்டு பக்க ஃபுட்போர்டில் இருந்தும் ஓட்டலாம். பால்காரர் எந்தப் பக்கம் ஏறினாலும் வண்டி நகரும்.

1937-ல் அறிமுகமான மாடல் யூ என்ற டிவ்கோ வண்டிதான் இன்று பலரும் படங்களில் பார்ப்பது. 1986-ல் உற்பத்தி நிற்கும் வரை அந்தச் சப்பை மூக்கு பெரிதாக மாறவே இல்லை. உட்கார்ந்தும் ஓட்டலாம், நின்றும் ஓட்டலாம். நின்று ஓட்டும்போது ஒரு கால்தான் பெடலுக்குக் கிடைக்கும் என்பதால் கிளட்ச், பிரேக் இரண்டையும் ஒரே பெடலில் வைத்தார்கள். பாதி மிதித்தால் கிளட்ச், முழுசாக மிதித்தால் பிரேக். தரையைத் தாழ்வாக வைத்ததற்கும் காரணம் அதேதான். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கும் ஒருவருக்கு, ஒரு படி குறைந்தால் அது அவர் முழங்காலுக்குக் கிடைக்கும் ஓய்வு.

ஆக, உள்ளே எட்டிப் பார்க்கும்போது நிரந்தர டிரைவர் சீட் இல்லாமல், நிற்க இடம் விட்டிருந்தால் அது அடிக்கடி நின்று கிளம்பிய வண்டி. பால், ரொட்டி, சலவைத் துணி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிரிட்டன் பால் வண்டி: சத்தமே இல்லாத மூன்று சக்கரம்

அடையாளம்: முன்னால் சின்ன கேபின். பக்கவாட்டில் சுவரே இல்லாமல் திறந்த மேடை. மேலே கூரை மட்டும். சில வண்டிகளில் முன்பக்கம் ஒரே சக்கரம்.

இதை முதன்முறை பார்க்கும் பலரும் கோல்ஃப் மைதான வண்டி என்றோ, ரயில்வே பிளாட்பார வண்டி என்றோதான் நினைப்பார்கள். உண்மையில் இது பால் விநியோக வண்டி. 'மில்க் ஃப்ளோட்' என்று பெயர். பேட்டரியில் ஓடும். ஷ்ரூஸ்பரி நகரின் வேல்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் நிறுவனம் மூன்று சக்கர வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஸ்மித், மாரிசன் எலக்ட்ரிகார் போன்ற பெயர்களும் பழைய மில்க் ஃப்ளோட்களில் அடிக்கடி கண்ணில் படும்.

எலக்ட்ரிக் வண்டி புதுசு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1967-லேயே பிரிட்டனின் மின்வாகனச் சங்கம் ஒரு விஷயத்தைப் பெருமையாக அறிவித்தது. உலகின் மற்ற நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், பிரிட்டன் சாலைகளில்தான் அதிக பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன என்பதே அந்த அறிவிப்பு. அவற்றில் பெரும்பங்கு இந்தப் பால் வண்டிகள்தான்.

ஏன் பேட்டரி? விடியலுக்கு முன் ஊரே தூங்கும் நேரம். வாசல் வாசலாக இன்ஜின் உறுமினால் யார் பால் வாங்குவார்கள்? தினமும் ஒரே ரூட், குறைந்த தூரம், மெதுவான வேகம். ராத்திரி டெப்போவில் சார்ஜ் போட்டால் போதும். அந்த வண்டியில் கேட்கும் ஒரே சத்தம், கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை.

பக்கச் சுவர் இல்லாததும் காரணத்தோடுதான். கதவு திறந்து மூடும் நேரம் மிச்சம். எந்தப் பக்கம் நின்றாலும் கிரேட் கைக்கு எட்டும். குளிர்நாட்டு விடியற்காலை என்பதால் திறந்த வண்டியிலும் பால் கெடாது. இதே வண்டியை நம்ம ஊர் மே மாதத்தில் ஓட்டியிருந்தால் கதையே வேறு!

சிட்ரோயன் எச்: தகரக் கொட்டகை மாதிரி ஒரு வேன்

அடையாளம்: பாடி முழுக்க வரி வரியான நெளிவுத் தகடு. பன்றி மூக்கு மாதிரி நீண்ட முன்பக்கம். முன்கதவுகள் வழக்கத்துக்கு மாறாக, பின்பக்கக் கீலில் திறக்கும்.

பழைய டெலிவரி வேன் என்றதும் இன்று அதிகம் கண்ணில் படுவது இதுதான். 1947-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்ட இந்த பிரெஞ்சு வேன், 1981 வரை தயாரானது. மொத்தம் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் விற்பனைக்கு வந்தன.

நெளிவுத் தகடு அழகுக்காகப் போட்டது இல்லை. ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்களில் இருந்து எடுத்த உத்தி அது. மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால் வலு கூடும், எடை கூடாது. நம்ம ஊர் கூரை ஷீட் மாதிரிதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் இது ரொம்ப முக்கியம்.

இன்னொரு ரகசியம் தரையில் இருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், வண்டியை இழுக்கும் சக்கரம் எல்லாமே முன்னால். பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட் கிடையாது. அதனால் சரக்குத் தரையைச் சமமாகவும் தாழ்வாகவும் வைக்க முடிந்தது. ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். மாடும் குதிரையும் ஏற்றுவதற்கென்றே தனி பாடி கம்பெனியிலேயே கிடைத்தது. தாழ்வான தரை என்றால் கால்நடை மிரளாமல் ஏறும். கறிக்கடைக்காரர் முதல் போலீஸ் வரை எல்லோரும் இதை வாங்கினார்கள்.

எந்த வருஷத்து வண்டி என்று தோராயமாகச் சொல்வதற்கு இரண்டு தடயங்கள்:

• முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் 1964 ஆரம்பத்துக்கு முந்தையது. ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தையது.

• பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவு உருண்டையாக இருந்தால் பழசு. சதுரமாக வெட்டியது போல இருந்தால் 1969 இறுதிக்குப் பிந்தையது.

ஒரு எச்சரிக்கை: வரித் தகடு இருந்தாலே இந்த வேன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே சிட்ரோயனின் குட்டி 2சிவி வேனிலும் பின்பக்கப் பெட்டியில் வரிகள் உண்டு. அதில் ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அளவும் பாதிதான் இருக்கும்.

ரொட்டி வண்டியும் ஐஸ்கிரீம் வண்டியும்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1931 முதல் 1969 வரை ஹெல்ம்ஸ் பேக்கரி என்று ஒன்று இருந்தது. இதன் ரொட்டி கடையில் கிடைக்காது. மஞ்சளும் நீலமும் பூசிய வண்டி விசில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வரும். ரொட்டி வேண்டும் என்றால் ஜன்னலில் ஒரு அட்டையை வைக்க வேண்டும், வண்டி நிற்கும்.

இந்த வண்டியின் அடையாளம் பின்கதவைத் திறந்தால் தெரியும். உள்ளே அலமாரி மாதிரி நீளமான மர டிராயர்கள். இழுத்தால் டோனட், ரொட்டி, கேக் என வரிசையாக வெளியே வரும். ரொட்டி எடை குறைவு, ஆனால் நசுங்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாது. அதனால்தான் டிராயர். பழைய வேன் ஒன்றில் மரச் சட்டங்களும் அவற்றில் டிராயர் ஓடிய தேய்மானமும் தெரிந்தால், ரொட்டி வண்டியாக இருக்கலாம் என்று தைரியமாக யூகிக்கலாம்.

ஐஸ்கிரீம் வண்டி நேர் எதிர். ஓஹியோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில் 1920-ல் ஹாரி பர்ட் என்பவர், சாக்லேட் பூசிய ஐஸ்கிரீமைக் குச்சியில் செருகி விற்றார். 'குட் ஹ்யூமர்' என்ற அந்த பிராண்டின் மணி கட்டிய வெள்ளை வண்டிகள் அமெரிக்கா முழுக்கப் பிரபலம். 1938-ம் ஆண்டு செவ்ரோலே சேஸிஸில் கட்டிய ஒரு வண்டி, வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது பெட்டியின் கதவு. வண்டி பெரிசு, கதவு மட்டும் ரொம்பச் சின்னது, ஆனால் தடிமன். ஏன்? பெரிய கதவைத் திறந்தால் குளிர் மொத்தமும் ஒரே நொடியில் வெளியே போய்விடும். வெளியில் இருந்து பார்க்கும் அளவுக்கும், உள்ளே கை விட்டால் கிடைக்கும் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், சுவருக்குள் இன்சுலேஷன் இருக்கிறது என்று அர்த்தம்.

பீர் ஏற்றிய 'விண்கலம்'

சில வண்டிகளின் வடிவம் சரக்கை விட்டு, சட்டத்தைப் பார்த்து அமைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1930-களில் மதுபான விளம்பரத்துக்குக் கெடுபிடி. லபாட் என்ற பீர் கம்பெனி யோசித்தது. விளம்பரம்தானே செய்யக் கூடாது? டெலிவரி வண்டியையே விளம்பரமாக மாற்றினால்?

அலெக்ஸிஸ் டி சக்னோஃப்ஸ்கி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர், ஒயிட் கம்பெனி சேஸிஸில் கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு லாரியை வரைந்தார். 1936-ல் ரோட்டுக்கு வந்த அந்த 'ஸ்ட்ரீம்லைனர்', சிவப்பும் தங்க நிறமுமாக ஒரு விண்கலம் தரையில் ஊர்வது போல இருக்கும். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 1947-ம் ஆண்டு மாடல் வண்டி ஒன்று மீட்டெடுக்கப்பட்டு பத்திரமாக இருக்கிறது.

ஆக, வழவழப்பான வளைவு நிறைய இருந்தும் உள்ளே இடம் வீணாகிற மாதிரி தோன்றினால், அந்த வண்டிக்கு விளம்பரமும் ஒரு வேலையாக இருந்திருக்கும்.

போட்டோவைப் பார்த்தே கண்டுபிடிக்க 7 தடயங்கள்

1. டிரைவர் இடம்: நின்று ஓட்டும்படி இருந்தால், அடிக்கடி நிற்கும் வேலை. வசதியான சீட் என்றால் நீண்ட தூர ஓட்டம்.

2. தரை உயரம்: தாழ்வான தரை என்றால் கால்நடை, கனமான கிரேட், அல்லது ஆள் ஓயாமல் ஏறி இறங்கும் வேலை.

3. கதவு: பெரிய பக்கக் கதவு, பார்சலும் கிரேட்டும். சின்னத் தடித்த கதவு, குளிர்ச் சரக்கு. பின்பக்கம் சாய்தளமாக இறங்கும் கதவு, குதிரை அல்லது மாடு.

4. காற்றுத் துவாரம்: உயரத்தில் வரிசையாகத் துவாரம் இருந்தால் உயிருள்ள சரக்கு அல்லது சூடு ஆறாத ரொட்டி. துவாரமே இல்லாத மூடிய பெட்டி என்றால் குளிர்.

5. உள் சுவர்: உலோகத் தகடு அடித்து, தரையில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் மீன், இறைச்சி, ஐஸ் போன்ற ஈரச் சரக்கு. சுவரில் இரும்பு வளையம் இருந்தால் எதையோ கட்டி வைத்திருக்கிறார்கள்.

6. இரண்டு பிளேட்: இன்ஜின் பக்கம் சேஸிஸ் கம்பெனி பிளேட் இருக்கும். கதவுப் படியிலோ உள்பக்கமோ பாடி கட்டிய பட்டறையின் சின்ன பிளேட் தனியாக இருக்கலாம். வண்டியின் கதையைச் சொல்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

7. பெயின்ட்டுக்கு அடியில்: வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் பாருங்கள். பழைய கடைப் பெயரின் எழுத்து லேசாகப் புடைத்துத் தெரியும். சுரண்டிப் பார்க்க வேண்டாம்!

ஒரிஜினலா, காப்பியா?

இங்கேதான் காசு விஷயம் வருகிறது. சிட்ரோயன் எச் வேனுக்கு இன்று காபிக் கடை, உணவு வண்டி நடத்துபவர்களிடம் பெரிய மவுசு. இந்த வேனின் 70-வது ஆண்டான 2017-ல், புதிய சிட்ரோயன் ஜம்பர் வேனின் மேல் மாட்டும்படி பழைய வடிவ பாடி கிட்டையும் இத்தாலியில் உருவாக்கினார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, வெளிப்படையாகச் சொல்லியே விற்றது. ஆனால் அதே வண்டி இரண்டு கை மாறி வரும்போது 'ஒரிஜினல்' என்று சொல்லப்பட்டால் என்ன செய்வது?

கதவுக் கீல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டு, ஸ்டியரிங், சக்கரத்தின் அளவு ஆகியவை பாடியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பர் பிளேட்டும் பதிவுச் சான்றும் ஒத்துப்போக வேண்டும். வரித் தகடு இரும்பா, ஃபைபரா என்பதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிஜமான பழைய வேனைக் காபிக் கடையாக மாற்றும்போது முதலில் வெட்டுவது பக்கச் சுவரை. அடுத்து போவது உள்ளே இருக்கும் தட்டு, கொக்கி, வளையம், டிராயர். வெளியே பளபளவென்று ஆகிவிடும். ஆனால் அந்த வண்டி 30 வருஷம் என்ன வேலை பார்த்தது என்பதற்கான சாட்சி மொத்தமும் பழைய இரும்புக்குப் போய்விடும். மாற்றுவதில் தப்பில்லை. அதற்கு முன் உள்பக்கத்தை நாலு போட்டோ எடுத்து, பிளேட்டைப் பத்திரப்படுத்தினால் போதும்.

இதெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கடைசியாக ஒரு வண்டி. அமெரிக்க தபால் துறையின் எல்எல்வி. 1987 முதல் 1994 வரை, விமானம் செய்யும் குரும்மன் கம்பெனி அலுமினிய பாடியோடு கட்டியது. 1 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அடையாளம் ரொம்ப சிம்பிள். அமெரிக்காவில் வழக்கமாக வண்டிகளுக்கு ஸ்டியரிங் இடது பக்கம், இதற்கு வலது பக்கம். சாலையோரத் தபால் பெட்டியில் சீட்டில் இருந்தபடியே கடிதம் போட வேண்டும் அல்லவா?

கைக்கு எட்டும் தூரத்தைக் கூட யோசித்துச் செய்த அந்த வண்டியில் ஒன்றை மட்டும் வைக்கவில்லை. ஏசி. 24 ஆண்டு ஓட வேண்டும் என்று கணக்குப் போட்ட வண்டியின் ஆயுளை 30 ஆண்டாக நீட்டினார்கள். அலுமினியப் பெட்டிக்குள் கோடை வெயிலில் தபால்காரர்கள் வெந்தார்கள். ஏசி வைத்து, தபால் வேலைக்கென்றே செய்த புது வண்டிகள் 2024-ல்தான் ரோட்டுக்கு வரத் தொடங்கின.

தாழ்வான படி, நின்று ஓட்டும் இடம், ஒரே பெடல், வலது பக்க ஸ்டியரிங். பழைய டெலிவரி வேனில் நாம் தேடும் ஒவ்வொரு தடயமும் சரக்கைப் பற்றிச் சொல்வது போலவே, அதை வாசல் வாசலாகச் சுமந்தவரைப் பற்றியும் சொல்கிறது. அவருடைய முழங்காலை யாராவது நினைத்தார்களா, வியர்வையை மறந்தார்களா என்பதும் அந்தத் தகரத்தில் பதிந்திருக்கிறது.

அடுத்த முறை ஒரு விசித்திரமான வேனைப் பார்த்தால், 'இதில் எதை ஏற்றினார்கள்?' என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: 'இதில் ஏறி இறங்கியவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?' உங்கள் வீட்டு வாசலுக்கு இன்று பார்சல் கொண்டு வரும் வண்டிக்கும் அதே கேள்வி பொருந்தும்.